மணலில் வெட்டும் வானம்: ராமநாதபுரம் கடற்கரையில் அஸ்திவாரக் குழி ஏன் தனி வேலை

உச்சிப்புளியை அடுத்த ஒரு மனையில் காலை ஆறு மணிக்கு அஸ்திவாரத்துக்கு வானம் வெட்ட ஆரம்பித்தார்கள். மூன்றடி அகலம், ஐந்தடி ஆழம். கடற்கரை மணல்தான் என்றாலும் மண்வெட்டி இறங்கிய இடமெல்லாம் நேராக நின்றது. தூக்குக்குண்டு பிடித்துப் பார்த்தாலும் கோணல் தெரியாது. எட்டு மணிக்குத் தேநீர் வந்தது. ஒன்பதரைக்கு வெயில் ஏறி, மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று வீச ஆரம்பித்தது. குழியின் விளிம்பிலிருந்து ஒரு பிடி மணல், முறத்திலிருந்து அரிசி நழுவுவதுபோலச் சரசரவென்று உள்ளே இறங்கியது. மேஸ்திரி அதைப் பார்த்த மாத்திரத்தில் உள்ளே நின்ற இருவரையும் மேலே அழைத்தார். "சட்டி கிடக்கட்டும், முதலில் நீங்கள் ஏறுங்கள்" என்றார். அவர்கள் ஏறிக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. எட்டடி நீளத்துக்கு ஒரு பக்கச் சுவர் அப்படியே படுத்துவிட்டது. இரும்புச் சட்டியும் ஒரு மண்வெட்டியும் அடியில் போயின.

அஸ்திவாரத்துக்காகப் பறிக்கும் குழியை நம் கொத்தனார்கள் வானம் என்பார்கள். வீடு கட்டுகிற செலவுக் கணக்கில் மிகச் சிறிய தொகையாக எழுதப்படுவதும் அதுதான். "வானம் வெட்ட இரண்டு நாள், நான்கு ஆள்" என்று ஒரு வரியில் முடித்துவிடுவோம். கம்பிக்கும் சிமென்ட்டுக்கும் நான்கு கடை ஏறி விலை கேட்பவர்கள், குழியின் சுவர் எதனால் நிற்கிறது, எவ்வளவு நேரம் நிற்கும் என்று கேட்பதில்லை. அந்தக் கேள்வியைக் கேட்க வைப்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில், காலையில் நின்ற சுவர் பத்து மணிக்கு ஏன் விழுந்தது என்பதைப் பார்ப்போம். மணலுக்குக் களிமண்போல ஒட்டும் தன்மை கிடையாது. ஈரமாக இருக்கும்போது மணிகளுக்கு இடையே மெல்லிய நீர்ப்படலம் நிற்கிறது. அதன் பரப்பு இழுவிசைதான் மணிகளைச் சேர்த்துப் பிடிக்கிறது. பிள்ளைகள் கடற்கரையில் கட்டும் மணல் வீடு நிற்பதும் இதனால்தான். நீர்ப்படலம் காய்ந்தால் பிடி போய்விடும். அதே மணலில் தண்ணீர் நிறைந்துவிட்டாலும் பிடி போய்விடும். ஈரமும் காய்ச்சலும் நடுவில் சந்திக்கும் சில மணி நேரம் மட்டுமே அந்தச் சுவருக்கு ஆயுள். அதற்குப் பிறகு மணல் தன் இயல்பான சரிவுக்கு வரும். உலர்ந்த மணல் ஏறத்தாழ 30 முதல் 35 பாகைச் சரிவில்தான் நிற்கும். ஐந்தடிக் குழியை அந்தச் சரிவுக்கு விட்டால் ஒவ்வொரு பக்கமும் மேல்விளிம்பு ஏழெட்டு அடி தள்ளிப்போக வேண்டும். மூன்றடி அகல வானம் பதினெட்டு, இருபது அடி அகலப் பள்ளமாகிவிடும். நெருக்கமான மனைகளில் அதற்கு இடம் ஏது?

ஒரு கன மீட்டர் மணல் ஒன்றரை டன்னுக்கு மேல் எடை இருக்கும். ஆள் இடுப்புவரை புதைந்தாலே தானாக வெளியே வர முடியாது. மார்புவரை புதைந்தால் தலை வெளியே இருந்தாலும் மூச்சு விடுவதே கடினம்; விலா விரிந்து சுருங்குவதற்கு மணல் இடம் தராது. ஒவ்வொரு மூச்சு வெளியேறும்போதும் கிடைத்த இடைவெளியில் மணல் இன்னும் நெருங்கி இறுக்கும். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ஐ.எஸ். 3764 என்ற பாதுகாப்பு விதித்தொகுப்பு, ஒன்றரை மீட்டருக்கு மேல் ஆழமான வானத்துக்குப் பலகையடித்து முட்டுக் கொடுக்கச் சொல்கிறது. தோண்டிய மண்ணை விளிம்பிலேயே குவிக்கக் கூடாது என்றும் சொல்கிறது. ஒன்றரை மீட்டர் என்பது ஐந்தடி. கடற்கரை மணலுக்கு அந்த எல்லையைக்கூட நான் நம்ப மாட்டேன். மூன்றடியிலேயே முட்டு வேண்டும் என்பது என் கணக்கு. குனிந்து வேலை செய்பவரின் மார்பு அவர் நிற்கும் தரையிலிருந்து மூன்றடி உயரத்துக்குள்தான் இருக்கிறது.

நான் பிறந்தது இந்தக் கடற்கரையில். தோண்டும் வேலையைக் கற்றது கொடைக்கானல் மலைச்சரிவில். ஆறு ஆண்டுகள் அங்கே இருந்துவிட்டு ஊர் திரும்பினேன். திரும்பியபோது எனக்குப் பெரிய திகைப்பாக இருந்தது ஒன்றுதான். மலையில் ஒரு வீட்டுக்கு மண் வெட்டுவதைத் தனிக் கலையாகவே நடத்துகிறார்கள். இங்கே அதைக் கூலி வேலையாக மட்டும் பார்க்கிறோம்.

மலையில் மனை சரிவாக இருக்கும். வீடு நிற்கச் சமதளம் வேண்டும். மேல்பக்கம் வெட்டி, வெட்டிய மண்ணைக் கீழ்ப்பக்கம் கொட்டிச் சமன் செய்வது எல்லோருக்கும் தோன்றும் வழி. அதில்தான் முதல் ஆபத்து இருக்கிறது. வீட்டின் ஒரு பாதி, காலங்காலமாக இறுகிக் கிடக்கும் தாய்மண்ணில் உட்கார்ந்திருக்கும். மறுபாதி நேற்றுக் கொட்டிய மண்ணில் உட்கார்ந்திருக்கும். கொட்டிய மண் ஒவ்வொரு மழைக்கும் இறங்கும்; தாய்மண் இறங்காது. நடுவில் வீடு பிளக்கும். அதனால் கீழ்ப்பக்கத் தூண்களின் அடித்தளம், கொட்டிய மண்ணைத் துளைத்துக்கொண்டு தாய்மண்வரை போக வேண்டும். படிப்படியாக இறங்கும் அஸ்திவாரம் என்பது இதுதான்.

இரண்டாவது ஆபத்து மேல்பக்க வெட்டு. கோடையில் மலைச் செம்மண்ணைப் பதினைந்தடி செங்குத்தாக வெட்டினாலும் நிற்கும். பார்ப்பவர்களுக்கு அது பாறைபோல இருக்கும். மழை வந்ததும் மண்ணுக்குள் இறங்கும் நீர், அடியில் இருக்கும் பாறையின் மேல்பரப்பில் தேங்கி, வெட்டிய முகத்தைப் பின்னாலிருந்து தள்ளும். தடுப்புச் சுவருக்குப் பின்னால் மூன்று மீட்டர் உயரத்துக்கு நீர் தேங்கினால், சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தின்மேலும் நீர் மட்டுமே நாலரை டன் தள்ளும். மண்ணின் தள்ளல் அதற்கு மேல். தடுப்புச் சுவரில் வரிசையாகக் குழாய் வாய்கள் வைப்பது, பின்னால் ஜல்லி நிரப்புவது, வெட்டுக்கு மேலே வாய்க்கால் வெட்டி மழைநீரைத் திருப்பிவிடுவது எல்லாம் அந்த நாலரை டன்னைப் பூஜ்யமாக்கத்தான்.

மூன்றாவது, வெட்டும் வரிசை. எனக்கு வேலை கற்றுக்கொடுத்த மேஸ்திரி நாற்பதடி நீளச் சரிவை ஒரே மூச்சில் வெட்ட விடமாட்டார். பத்தடி வெட்டு, பத்தடி விடு, வெட்டிய இடத்தில் சுவரை எழுப்பு, பிறகு விட்ட இடத்தை வெட்டு என்பார். விட்ட பத்தடி மண், இருபக்க வெட்டுக்கும் தோள் கொடுத்து நிற்கும்.

இவற்றை மீறினால் என்ன ஆகும் என்பதற்கு மலையில் நிறைய சாட்சி இருக்கிறது. 2009 நவம்பர் மழையில் நீலகிரியில் நூற்றுக்கணக்கான இடங்களில் மண் சரிந்து 40 பேருக்கு மேல் இறந்தார்கள். 2024 பிப்ரவரியில் உதகை அருகே லவ்டேலில், வீடு கட்டும் பணியிடத்தில் வேலை செய்துகொண்டிருந்த 6 பெண்கள், மேலேயிருந்த கட்டடம் மண்ணோடு சரிந்து விழுந்ததில் உயிரிழந்தார்கள். அது மழைக்காலம்கூட இல்லை. தமிழ்நாட்டில் 1990 முதல் மலைப்பகுதிகளுக்கென்று ஒரு பாதுகாப்பு ஆணையம் இருப்பதும், நீலகிரியிலும் கொடைக்கானலிலும் மண் அள்ளும் இயந்திரங்களுக்குக் கட்டுப்பாடு இருப்பதும் இப்படிப்பட்ட இழப்புகளின் பின்னணியில்தான்.

நம் கடற்கரைக்கும் ஒழுங்குமுறை உண்டு. கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, எங்கே கட்டலாம், எங்கே கட்டக் கூடாது என்று சொல்கிறது. மணற்குன்றுகளை அது மிக உயர்ந்த பாதுகாப்புப் பிரிவில் வைத்திருக்கிறது. ஆனால் எப்படித் தோண்டுவது என்பதை அது சொல்வதில்லை. அதைக் கட்டுபவர்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

மணற்குன்று என்றதும் ஒன்றைச் சொல்லாமல் நகர முடியவில்லை. மனையில் மணல்மேடு இருந்தால் ஜேசிபி வைத்து முதல் நாளே தட்டிச் சமமாக்கிவிடுகிறார்கள். அந்த மேட்டைப் பிடித்து வைத்திருப்பது ராவணன் மீசைப் புல்லும் அடம்பங்கொடியும். அவற்றைச் சிரைத்துவிட்டால் கச்சான் காலத்தில் மணல் பறக்கும். பக்கத்து வீட்டுத் திண்ணை நிறையும், உங்கள் வானமும் நிறையும். புயலின்போது கடலுக்கும் வீட்டுக்கும் நடுவே நிற்கும் ஒரே மதில் அந்த மேடு. அதைச் சமன் செய்து கட்டிய வீட்டுக்கு எத்தனை ஆழ அஸ்திவாரம் போட்டாலும் ஈடாகாது.

சரி, எத்தனை அடி ஆழம் தோண்ட வேண்டும்? எல்லோரும் கேட்கும் கேள்வி இது. ஊருக்கு ஊர் பதில் மாறும். சில இடங்களில் மனைக்கு மனை மாறும். மன்னார் வளைகுடாப் பக்கம் பெரும்பாலும் மணல். பாக் விரிகுடாப் பக்கம் தொண்டி, திருப்பாலைக்குடி ஓரங்களில் மணலோடு சேறும் களியும் கலந்து வரும். கடலை விட்டுக் கமுதி, முதுகுளத்தூர் பக்கம் போனால் கரிசல். அது மழையில் உப்பி, கோடையில் வெடித்து வீட்டையே தூக்கிப் போடும் மண். அதற்கு, அடிப்பகுதி குமிழ்போல விரிந்த பைல், அதாவது மண்ணுக்குள் ஆழமாக இறங்கும் கான்கிரீட் தூண், இறக்குவது வழக்கம். அது வேறு கதை.

மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம் பகுதிகளில் மணலுக்கு அடியில் பவளமும் சிப்பியும் சுண்ணாம்பும் சேர்ந்து இறுகிய கல்தட்டு பல இடங்களில் வரும். கடலுக்குள் இருப்பதை மீனவர்கள் பார் என்பார்கள். கடப்பாரை "டங்" என்றதும் "பாறை வந்துவிட்டது, இதற்கு மேல் கவலை இல்லை" என்று சொல்லிவிடுவார்கள். அங்கேதான் பலர் ஏமாந்திருக்கிறார்கள். தட்டு ஒரு அடி கனம்தான் இருக்கலாம்; அதற்கு அடியில் பொலபொலவென்ற மணல் இருக்கலாம். ஒரு மூலையில் தட்டு இருந்து எதிர்மூலையில் இல்லாமல் போகலாம். மலையில் பாதி வெட்டிலும் பாதி கொட்டிலும் நிற்கும் வீட்டுக்கு என்ன நேருமோ அதேதான் இங்கும் நேரும்.

இதை அறிய ஒரு சோதனை இருக்கிறது. தரையில் துளையிட்டு, அடியில் ஒரு குழாயை வைத்து, 63.5 கிலோ சம்மட்டியை 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழவிடுவார்கள். குழாய் கடைசி 30 சென்டிமீட்டர் இறங்க எத்தனை முறை அடிக்க வேண்டியிருந்தது என்று எண்ணுவார்கள். பத்துக்குக் கீழ் என்றால் தளர்ந்த மணல். பத்திலிருந்து முப்பது என்றால் நடுத்தர இறுக்கம். ஒன்றரை மீட்டருக்கு ஒருமுறை இப்படி எண்ணிக்கொண்டே போனால், தட்டுக்கு அடியில் என்ன இருக்கிறது என்பது தெரிந்துவிடும். நிலைக்கதவுக்கு நல்ல தேக்குத் தேடிக் காரைக்குடிவரை போகிறவர்கள் இந்தச் சோதனையை வீண்செலவு என்கிறார்கள். எனக்கு வருத்தமாக இருக்கிறது. பெரிய கட்டடம் இல்லை, சாதாரண வீடுதான் என்றால், குறைந்தபட்சம் மனையின் நான்கு மூலையிலும் நடுவிலும் ஐந்து சோதனைக் குழிகளாவது எடுத்துப் பாருங்கள். கல்தட்டு வந்தால் அதை உடைத்து அடியையும் பாருங்கள்.

இனி தண்ணீர். கடற்கரையில் தோண்டுவதில் பாதித் தொல்லை இதனால்தான் வருகிறது.

தனுஷ்கோடி போனவர்கள் பார்த்திருப்பார்கள். இருபக்கமும் கடல், நடுவில் மணல். அங்குள்ள பெண்கள் மணலைக் கையால் இரண்டடி, மூன்றடி பறித்து, ஊறி வரும் நீரைக் கொட்டாங்கச்சியால் மொண்டு குடத்தில் ஊற்றுவார்கள். குடித்துப் பார்த்தால் நல்ல தண்ணீர். கொட்டாங்கச்சியை ஆழமாக முக்க மாட்டார்கள்; மேலாக வழித்துத்தான் எடுப்பார்கள். அதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. மழைநீர் கடல்நீரைவிட எடை குறைந்தது, ஏறத்தாழ நூற்றுக்கு இரண்டரைப் பங்கு. அதனால் மணலுக்குள் இறங்கிய மழைநீர், அடியில் இருக்கும் உப்புநீரின்மேல் மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஒரு அடி நன்னீர் இருந்தால் கீழே ஏறத்தாழ 40 அடிவரை நன்னீர் இருக்கும் என்பது இதிலிருந்து வரும் கணக்கு. ராமநாதசுவாமி கோயிலின் தீர்த்தக் கிணறுகளில் கடலுக்கு இவ்வளவு அருகே நல்ல தண்ணீர் கிடைப்பதும் இந்த மிதப்பினால்தான்.

அஸ்திவாரம் தோண்டுபவர் இந்த மிதக்கும் நீரைத்தான் குறுக்கே வெட்டுகிறார். மழைக்காலம் முடிந்த மார்கழி, தை மாதங்களில் பல இடங்களில் மூன்றடியிலேயே நீர் தெரியும். அப்போது இரண்டு சிக்கல்கள் வருகின்றன. முதலாவது, நீர் நிறைந்த மணலின் தாங்குதிறன். நீர் அஸ்திவார மட்டத்துக்கும் மேலே ஏறி நின்றால் தாங்குதிறன் ஏறத்தாழ பாதியாகக் குறையும். மணிகளை நீர் மேல்நோக்கித் தாங்குவதால் ஒன்றையொன்று அழுத்தும் பலம் குறைந்துவிடுகிறது. கோடையில் தோண்டி, காய்ந்த மணலைப் பார்த்து, இது நன்றாகத் தாங்கும் என்று முடிவு செய்தவர்கள் ஐப்பசி மழைக்குப் பிறகு சுவரில் கீறலைப் பார்ப்பார்கள்.

இரண்டாவது சிக்கல் மோட்டார். குழியில் நீர் ஊறியதும் மோட்டாரை உள்ளே இறக்கி இறைக்க ஆரம்பிக்கிறார்கள். குழிக்குள் நீர்மட்டம் இறங்கும். வெளியே அப்படியே இருக்கும். அந்த வித்தியாசத்தால் நீர் குழியின் அடியிலிருந்து மேல்நோக்கிப் பாயும். பாய்ச்சல் ஓர் அளவைத் தாண்டினால் மணிகள் மிதக்க ஆரம்பிக்கும். அடிமண் கொதிக்கும் கஞ்சிபோலக் குமிழியிடும். கால் வைத்தால் புதையும். அந்த மண்ணின்மேல் ஜல்லி கொட்டிக் கான்கிரீட் போட்டால், குழம்பிப்போன மணல்மீது வீடு கட்டுகிறோம் என்று பொருள்.

இதைவிடக் கொடுமையான ஒன்று எனக்கு நேர்ந்திருக்கிறது. தங்கச்சிமடத்தில் ஒரு வேலை. நான் திரும்பி வந்த முதல் ஆண்டு. ஒரு குதிரைத்திறன் மோட்டார் இரண்டு வைத்து மூன்று நாள் இறைத்தோம். நீர் கலங்கலாக வந்தது. மணல் பூமி, கலங்கல்தான் வரும் என்று நினைத்துவிட்டேன். மூன்றாம் நாள் மாலை பக்கத்து வீட்டு அம்மா வந்து, "தம்பி, எங்கள் மதில் வாய் பிளந்திருக்கிறது, வந்து பாருங்கள்" என்று கூப்பிட்டார். போய்ப் பார்த்தேன். கை நுழையும் அளவுக்கு வெடிப்பு. மூன்று நாளாக நாங்கள் இறைத்தது நீரோடு சேர்த்து அவர்கள் மதிலுக்கு அடியில் இருந்த மணலையும்தான். மதிலை எங்கள் செலவில் கட்டிக் கொடுத்தோம். ஆனால் அவர்களுடைய கிணற்று நீர் அந்தக் கோடை முழுதும் உவர்த்தே இருந்தது. மேலே இருந்த நன்னீரை நாங்கள் இறைத்து எடுத்ததில் அடியிலிருந்த உப்புநீர் மேலேறிவிட்டது. அந்தக் கிணற்றுக்கு நாங்கள் எதைக் கொடுத்தும் ஈடுகட்ட முடியவில்லை. இன்றும் அந்தத் தெருவில் போகும்போது அவர்கள் வீட்டு வாசலைப் பார்க்கக் கூச்சமாக இருக்கிறது.

அதன் பிறகு ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். மோட்டார் ஓடத் தொடங்கிய பத்தாவது நிமிடத்தில் ஒரு கண்ணாடிப் பாட்டிலில் நீரைப் பிடித்து நிழலில் வைப்பேன். அரை மணி நேரத்தில் அடியில் மணல் படிந்தால் மோட்டாரை நிறுத்திவிடுவோம். இறைக்கும் இடத்தைக் குழிக்கு வெளியே மாற்றுவோம். குழியைச் சுற்றி, அதைவிட ஆழமாக, ஓட்டை போட்ட குழாய்களை வலை சுற்றி இறக்கி, அவற்றின் வழியாக இறைத்தால் நீர்மட்டம் வெளியிலேயே இறங்கிவிடும். குழியின் அடி காய்ந்து நிற்கும். வலை மணலை வெளியே விடாது. பெரிய கட்டடங்களில் இதையே வரிசையாகக் குழாய் நட்டு ஒரே பம்பில் இணைத்துச் செய்கிறார்கள். காற்றழுத்தத்தின் துணையில் உறிஞ்சுவதால் ஐந்து, ஆறு மீட்டர் ஆழம்வரைதான் ஒரு வரிசை பயன்படும். வீட்டுக்கு அது தாராளம்.

எல்லாவற்றையும்விட மலிவான வழி, நீர் இறங்கியிருக்கும் காலத்தில் தோண்டுவது. நம் பக்கம் மழை ஐப்பசி, கார்த்திகையில். நீர் மிகவும் கீழே இருப்பது ஆனி முதல் ஆவணிவரை. ஆடியில் பூமி பூஜை போட மாட்டோம் என்பவர்கள் வைகாசியிலோ ஆனியிலோ பூஜையை முடித்து வைத்துக்கொண்டால் போதும். அந்த மாதங்களில் கச்சான் காற்று மணலைக் காய வைக்கும் என்ற தொல்லை உண்டுதான். அதற்கு முட்டுப் பலகையும், விளிம்பில் நனைத்த சாக்கும் போதும். தண்ணீரோடு மல்லுக்கட்டுவதற்கு அது எவ்வளவோ மேல்.

நம் முன்னோர்கள் மணலில் தோண்டத் தெரியாதவர்கள் இல்லை. வைகைக் கரையில் கீழடி அகழாய்வில் சுடுமண் உறைகிணறுகள் கிடைத்திருக்கின்றன. உறை இறக்குவதை இன்றும் நம் ஊர்களில் பார்க்கலாம். தரையில் வளையம்போன்ற உறையை வைத்து, உள்ளே உட்கார்ந்து அடிமண்ணைப் பறித்தால், உறை தன் எடையில் தானே இறங்கும். அதன்மேல் அடுத்த உறை. தோண்டுபவர் எந்த நேரத்திலும் சுவர் இல்லாத குழிக்குள் இருப்பதில்லை. சுவரும் அவரோடு இறங்கிக்கொண்டே வருகிறது. ஆற்றுப் பாலங்களுக்குப் பெரிய கிணறுகளை இறக்கி, அவற்றின்மேல் தூண் எழுப்புவதும் இதே முறைதான். வீட்டுத் தூண்களுக்குக்கூட, நீர் அதிகமுள்ள மனைகளில் நான்கடி விட்டச் சிமென்ட் உறைகளை இறக்கி உள்ளே கான்கிரீட் நிரப்பியிருக்கிறோம். செலவு சற்று அதிகம். ஆனால் சரிவு கிடையாது, அக்கம்பக்கத்து மதிலுக்கும் பாதிப்பு இல்லை. உறையை நேராக இறக்குவது மட்டும் பழகிய கைக்குத்தான் வரும். ஒரு பக்கம் கூடுதலாகப் பறித்துவிட்டால் சாய்ந்துவிடும். மேஸ்திரி உறையின் விளிம்பில் ரசமட்டத்தை வைத்து, உள்ளிருப்பவரிடம் "கிழக்கே ஒரு சட்டி, மேற்கே விடு" என்று சொல்லிக்கொண்டே இருப்பார்.

அடுத்தது உப்பு. குழியில் ஊறும் நீரை எடுத்தே கான்கிரீட் கலக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. கம்பி வைத்த கான்கிரீட்டுக்குக் கலக்கும் நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது கான்கிரீட்டுக்கான விதித்தொகுப்பு ஐ.எஸ். 456. கடல்நீரில் அது ஏறத்தாழ 19,000. குழிநீரில் கடல்நீர் கொஞ்சம் கலந்திருந்தாலே எல்லையைத் தாண்டிவிடும். நாக்கில் கரித்தால் நிச்சயம் கூடாது. கரிக்காவிட்டாலும் சோதித்துத்தான் சேர்க்க வேண்டும். உப்பு கம்பியைத் தொட்டால் துரு பிடிக்கும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். அந்த நெருக்கத்தில் கான்கிரீட் உள்ளிருந்தே வெடித்து உரியும். கடற்கரைச் சூழலில் நிற்கும் கட்டடத்துக்கு எம்30 என்ற வலிமைத் தரத்தில் கான்கிரீட் வேண்டும். அடித்தளக் கம்பியை எல்லாப் பக்கமும் குறைந்தது 50 மில்லிமீட்டர் கனத்துக்குக் கான்கிரீட் மூடியிருக்க வேண்டும். மணலின்மேல் நேரடியாகக் கம்பி வலையை விரித்துவிட்டு, கான்கிரீட் கொட்டும்போது கையால் தூக்கிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். அடியில் மெல்லிய கான்கிரீட் படுகை போட்டு, சிமென்ட் வில்லைகளின்மேல் கம்பியை உட்கார வைக்க அரை நாள்தான் கூடுதலாகும்.

முன்பு நம் பக்கத்தில் பவளக்கல்லை வெட்டி வந்து வீடு கட்டினார்கள், சுட்டுச் சுண்ணாம்பாக்கினார்கள். தனுஷ்கோடியில் இடிந்து நிற்கும் தேவாலயச் சுவரில் இன்றும் அந்தக் கற்களைப் பார்க்கலாம். தடவினால் பவளத்தின் கண்கள் விரலில் தட்டுப்படும். மன்னார் வளைகுடாவில் பவளம் எடுப்பது இப்போது குற்றம், அது சரியும்கூட. அஸ்திவாரத்தில் பழைய பவளக்கல் கிடைத்தால் சிலர் அதையே மீண்டும் அடியில் போடுகிறார்கள். அது நீரையும் உப்பையும் உறிஞ்சி மேலே ஏற்றும். வேண்டாம்.

தரையடித் தொட்டி கட்டுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மூன்று மீட்டர் நீளம், மூன்று மீட்டர் அகலம், இரண்டு மீட்டர் உயரத்தில், 15 சென்டிமீட்டர் கனச் சுவரோடு கட்டிய மூடிய கான்கிரீட் தொட்டியின் எடை ஏறத்தாழ பதின்மூன்றரை டன். அதைச் சுற்றி நிலத்தடி நீர் ஒன்றரை மீட்டர் ஏறினால், காலித் தொட்டியை நீர் அதே பதின்மூன்றரை டன் விசையோடு மேலே தூக்கும். மண்ணின் பிடிப்பு சற்று உதவும். மழைக்காலத்தில் அதை நம்பி இருக்க முடியாது. கட்டி முடித்ததும் தொட்டியில் நீர் நிரப்பி வைத்துவிடுங்கள். கார்த்திகையில் கழுவுவதற்காகக் காலி செய்யாதீர்கள்.

கடலில் எப்படிச் செய்கிறார்கள் என்பதற்குப் பாம்பனில் இரண்டு சாட்சிகள் இருக்கின்றன. 1914இல் திறந்த பழைய ரயில் பாலம், 1964 டிசம்பர் 22 இரவு வந்த புயலில் உத்தரங்களில் பெரும்பாலானவற்றை இழந்தது. தூண்களில் பெரும்பாலானவை நின்றன. அவை நின்றதால்தான் ஈ. ஸ்ரீதரன் தலைமையிலான குழுவால் 46 நாளில் பாலத்தை மீட்க முடிந்தது. அதே இரவில் தனுஷ்கோடி ஊர் போய்விட்டது. அங்கே அலை கட்டடங்களை மோதி உடைத்ததோடு, அடியிலிருந்த மணலையும் அரித்து எடுத்துக்கொண்டு போனது. அரிப்பு எவ்வளவு ஆழம் போகுமோ, அதற்கும் கீழே அஸ்திவாரத்தின் அடி இருக்க வேண்டும் என்ற விதியை அங்கே நின்றால் கண்ணாலேயே புரிந்துகொள்ளலாம். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலம் 2.07 கிலோமீட்டர் நீளம். அதன் எடையை 333 பைல்கள் கடலடி மண்ணுக்குள் இறக்கிக் கொடுக்கின்றன. கடல் மணலைத் திறந்து வெட்ட முடியாது என்பதால், இரும்புக் குழாய்க்குள் துளையிட்டு, குழாயையே சுவராக வைத்துக் கான்கிரீட் நிரப்புவதுதான் இப்படிப்பட்ட வேலைகளில் வழக்கம். உறை இறக்கும் அதே யோசனை, வேறு அளவில்.

உச்சிப்புளி வேலைக்குத் திரும்புகிறேன். சரிந்த மணலை அன்று தொடவில்லை. மறுநாள் சவுக்குக் கம்பும் பலகையும் வந்தன. நான்கடிக்கு ஒரு பலகை, இரண்டு பலகைக்கு நடுவே மேலும் கீழுமாக இரண்டு குறுக்குக் கம்பு, ஏறுவதற்கு ஒரு ஏணி. எடுத்த மண்ணை ஐந்தடி தள்ளிக் கொட்டினார்கள். அடி மட்டம் வந்ததும் நீர் தெளித்துத் திம்சு போட்டு இறுக்கினார்கள். மாலைக்குள் வானம் முடிந்து, அன்று இரவே அடியில் கான்கிரீட் படுகை விழுந்தது. புதைந்த சட்டியும் கிடைத்தது. விளிம்பு நசுங்கி இருந்தது.

வீட்டுக்காரர் கணக்குப் பார்த்தபோது பலகைக்கும் கம்புக்கும் ஆன வாடகையைக் காட்டி, "இதை நீங்கள் முதலிலேயே சொல்லவில்லையே அண்ணே" என்று மேஸ்திரியிடம் கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. மதிப்பீட்டை எழுதியவன் நான். அன்றிலிருந்து "வானம் வெட்ட" என்ற வரிக்குக் கீழே "வானத்துக்கு முட்டு, ஏணி, நீர் இறைப்பு" என்று தனி வரி எழுதி, அதற்கு எதிரே ஒரு தொகையும் போடுகிறேன்.